ஊர் தெரிந்த கல்

வெயில் சாயும் நேரத்தில் ஹைதராபாத்தின் மௌலா அலி குன்றில் ஏறுகிறவர்கள் பாறையின் சில இடங்கள் பளிச்சென்று மின்னுவதைப் பார்த்திருப்பார்கள். ஓரடி நகர்ந்தால் அந்த ஒளி அணைந்து பக்கத்தில் இன்னொன்று பளிச்சிடும். தர்காவுக்குப் போகும் படிகளின் ஓரத்தில், கால்பட்டுத் தேயாத இடமாகப் பார்த்துக் குனிந்தால் காரணம் புரியும். இளஞ்சிவப்பும் சாம்பலும் கலந்த ஃபெல்ட்ஸ்பார் துண்டுகள் நகம் அகலத்துக்குப் பாறையில் பதிந்திருக்கின்றன. ஃபெல்ட்ஸ்பார் உடைந்தால் மட்டமான தளமாக உடையும். அந்தத் தளத்தில் வெயில் பட்டுத் திரும்புகிறது. அவற்றுக்கு இடையே நிறமற்றுக் கிடப்பது குவார்ட்ஸ், கிராமத்தில் வெங்கச்சங்கல் என்போமே, அதே கனிமம். கறுப்பாக, நகத்தால் கீறினால் ஏடு ஏடாக வருவது காக்காப்பொன்.

இந்தப் பாறைக்கு வயது ஏறத்தாழ 250 கோடி ஆண்டு. பூமிக்கடியில் பல கிலோமீட்டர் ஆழத்தில் மெல்ல ஆறி இறுகியது. மேலே மூடியிருந்ததெல்லாம் அரித்துப் போன பிறகு குன்றாக வெளியே வந்தது. குதுப்ஷாஹி காலத்தில் உச்சியில் தர்கா எழுந்தது. உருதுக் கவிஞர் மஹ்லகா பாய் சந்தாவின் சமாதி அடிவாரத்தில் இருக்கிறது. குன்றைச் சுற்றி இன்று ரயில்வே குடியிருப்புகளும் தொழிற்பேட்டையும் வளர்ந்துவிட்டன. பாறையைப் பார்க்க என்று யாரும் இங்கே வருவதில்லை. ஆனால் படிகங்களைப் பற்றிப் பேசத் தொடங்குவதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியாது. இந்தக் குன்று முழுவதுமே படிகம். அப்படியிருந்தும் அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கத்தக்க ஒரு படிகம்கூட அதன் முகத்தில் இல்லை. இரண்டும் எப்படி உண்மையாக முடியும்?

விடை இடம் என்பதுதான். உருகிய பாறைக்குழம்பு ஆறும்போது முதலில் இறுகும் கனிமங்களைச் சுற்றி இன்னும் திரவம் இருக்கும். அவை ஓரளவு தம் உருவத்தில் வளரும். மௌலா அலிப் பாறையில் சில ஃபெல்ட்ஸ்பார்கள் நேர்விளிம்புள்ள கட்டங்களாகத் தெரிவது அதனால்தான். கடைசியில் இறுகுவது குவார்ட்ஸ். அதற்குள் இடமெல்லாம் பறிபோயிருக்கும். மிஞ்சிய இடுக்குகளில் அது நுழைந்து, இடுக்கின் வடிவத்தையே தன் வடிவமாகக் கொள்கிறது. இதே குவார்ட்ஸுக்கு ஒரு வெற்றிடம் கிடைத்து, சிலிக்கா கரைந்த வெந்நீர் அங்கே நெடுங்காலம் வந்துகொண்டும் இருந்தால், ஆறு பட்டையும் கூர்நுனியுமாக வளர்ந்து நிற்கும். அணுக்கள் அடுக்கப்பட்ட முறை இரண்டிலும் ஒன்றே. வாய்த்த இடம் மட்டும் வேறு.

அந்த அடுக்கு முறையைக் கண்ணால் காண்பதற்கு முன்பே ஒருவர் அதன் அடையாளத்தைக் கோணத்தில் கண்டார். டென்மார்க்கைச் சேர்ந்த நிக்கோலஸ் ஸ்டெனோ, 1669இல், குவார்ட்ஸ் படிகங்கள் நெட்டையோ குட்டையோ, ஒருபக்கம் சப்பையோ, எப்படியிருந்தாலும் ஒத்த பட்டைகளுக்கு இடையிலான கோணம் மாறுவதில்லை என்று காட்டினார். பக்கப் பட்டைகள் இரண்டு சந்திக்கும் இடத்தில் எப்போதும் 120 பாகை. இது ஏன் என்று ஐயமின்றித் தெரிய 1912 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு மேக்ஸ் ஃபான் லாவேயும் அவருடைய கூட்டாளிகளும் ஒரு படிகத்தின் வழியே எக்ஸ் கதிரைச் செலுத்தி, உள்ளே அணுக்கள் ஒழுங்காக நிற்பதை அது பதித்த புள்ளிகளில் பார்த்தார்கள். படிகத்தின் அழகைப் பற்றிப் பேசுகிறவர்கள் நிறத்தில் தொடங்குவது வழக்கம். நான் கோணத்தில்தான் தொடங்குவேன். சிறு அழுக்கு சேர்ந்தால் நிறம் மாறிவிடும், கோணம் மாறாது.

மௌலா அலியில் கிடைக்காத வெற்றிடம் மேற்கே போனால் கிடைக்கிறது. ஹைதராபாத்திலிருந்து விகாராபாத் பக்கம் போகும்போது வழியில் பாறை மாறிவிடும். உருண்டையான கருங்கல் குன்றுகள் மறைந்து தட்டையான மேடுகளும் கரிசலும் செம்புறாங்கல்லும் வரும். தக்காணத்தின் எரிமலைப் படுகை அங்கே தொடங்குகிறது. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் அடுக்கடுக்காக வழிந்து உறைந்த பசால்ட் பாறை அது. இன்றைக்கும் ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டர் அளவுக்குப் பரந்து கிடக்கிறது, பெரும்பகுதி மகாராஷ்டிரத்தில். வழிந்த குழம்பில் இருந்த வாயு வெளியேற முடியாமல் குமிழாகச் சிக்கிக்கொண்டது. பாறை இறுகிய பின் அந்தக் குமிழ்கள் வெற்றறைகளாக நின்றன. பிறகு நிலத்தடி நீர், சூடாகவும் மிதமாகவும், பாறையைக் கரைத்துக் கால்சியமும் சிலிக்காவும் அலுமினியமும் சுமந்து அந்த அறைகளுக்குள் சென்றது. சில அறைகளில் கடைசிப் படிகம் முளைத்தது எரிமலை ஓய்ந்து கோடிக்கணக்கான ஆண்டுகள் கழித்து என்று ஆய்வுகள் சொல்கின்றன. எரிமலையின் வேலை அறை கட்டியதோடு முடிந்தது. படிகத்தை வளர்த்தது தண்ணீர்.

புனே, நாசிக், ஜல்காவ், அகில்யாநகர் (முன்னாள் அகமதுநகர்) வட்டாரக் கல்குவாரிகளில் இன்று வெளிப்படும் படிகங்களுக்கு இணையானவை உலகில் வெகு குறைவு. 1850களில் போர் காட் மலைச்சரிவில் ரயில் பாதைக்காகச் சுரங்கங்கள் குடைந்தபோது இவை குவியல் குவியலாக வெளிவந்தன. 1863இல் பாதை திறப்பதற்குள் பல நல்ல மாதிரிகள் கப்பலேறி ஐரோப்பிய அருங்காட்சியகங்களை அடைந்துவிட்டன.

அப்படிப்பட்ட ஒரு கல்லைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். அடியில் பசால்ட், கறுத்துச் சொரசொரப்பாக. அதன்மேல் தோல்போல் மெல்லிய பச்சைப் படலம். படலத்தின்மேல் ஸ்டில்பைட், இளம்பீச் நிறத்தில், நடுவில் இறுக்கிக் கட்டி இரு முனையும் விரிந்த நெற்கதிர்க் கட்டாக நிற்கிறது. அந்தக் கட்டுகளுக்கு நடுவே அபோஃபிலைட்: நான்கு பட்டை, உச்சியில் கூம்பு. பக்கவாட்டில் பார்த்தால் ஊடுருவித் தெரியும்; மேலிருந்து பார்த்தால் முத்தின் பளபளப்பு. குறுக்கே மட்டும் எளிதாகப் பிளவுறும் தன்மையால் வரும் பளபளப்பு அது. புனேப் பக்கத்து அபோஃபிலைட் சிலவற்றில் வெளிர்பச்சை ஓடும். அந்தப் பச்சை வனேடியம் தந்தது. அதே வனேடியம், அதே புனே வட்டாரத்தில், வாகோலி குவாரியில் இன்னொரு கனிமத்தில் சேர்ந்து ஆழ்ந்த நீலம் தருகிறது. வெள்ளை ஸ்டில்பைட் விரிப்பின்மேல் கூர்மையான நீல ஊசிகள் ஒரு மையத்திலிருந்து எல்லாப் பக்கமும் கிளம்பி நிற்கும். 1980களின் இறுதியில் அந்தக் குவாரியிலிருந்து இவை பெருமளவில் வரத் தொடங்கியபோது சேகரிப்பாளர் உலகமே திரும்பிப் பார்த்தது. அதன் பெயர் காவன்சைட்.

பெயரின் கதைக்கு வருவோம். இதில்தான் நான் சற்று நேரம் தங்க விரும்புகிறேன்.

காவன்சைட் என்பது கால்சியம், வனேடியம், சிலிக்கேட் மூன்றின் ஆங்கில முதலெழுத்துகளைக் கோத்து உண்டாக்கியது. 1967இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், ஓவைஹீ அணைக்கு அருகில், மிகச் சிறிய படிகங்களாகக் கிடைத்தது. 1973இல் முறையாக விவரித்துப் பெயரிட்டார்கள். அதன் அறிவியல் பிறப்பிடம் ஓரிகன்தான். அதன் முழு அழகையும் உலகுக்குக் காட்டியது வாகோலி. அவ்வூரைப் பற்றி ஓர் எழுத்துகூடப் பெயரில் இல்லை. இது யாருடைய தவறும் அல்ல. முதலில் விவரித்தவருக்கே பெயரிடும் உரிமை என்பது வழக்கம். ஆனால் ஒரு கல்லின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அதன் ஊரை அறிய முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பழைய பெயர்கள் கல்லின் நடத்தையிலிருந்து பிறந்தவை. 1756இல் ஸ்வீடனின் ஆக்சல் குரோன்ஸ்டெட் ஒரு கனிமத்தைச் சூடாக்கியபோது அது நீரை வெளிவிட்டுக் கொதிப்பதைக் கண்டார். கொதிக்கும் கல் என்ற பொருளில் கிரேக்கத்திலிருந்து ஜியோலைட் என்றார். ஸ்டில்பைட் அந்தக் குடும்பம். ஊதுகுழல் தீயில் இலை இலையாக உதிர்ந்ததைப் பார்த்து அபோஃபிலைட்டுக்குப் பெயரிட்டவர் பிரான்சின் ஹாய், 1806இல். பிறகு மனிதர்களின் பெயர்கள் வந்தன. நன்னம்பிக்கை முனையிலிருந்து ஒரு பச்சைக் கனிமத்தைக் கொண்டுவந்த கர்னல் ஃபான் பிரேன் நினைவாக, 1788இல் வெர்னர் அதற்குப் பிரேனைட் என்று பெயரிட்டார். ஆளின் பெயரில் அமைந்த தொடக்ககாலக் கனிமப் பெயர்களில் அது ஒன்று. மும்பை மலாட் குவாரிகளிலும் பின்னாளில் பிரேனைட் கிடைத்தது. லண்டனில் கனிம வியாபாரம் செய்த ஹூலண்ட் பெயரில் 1822இல் ஹூலண்டைட் வந்தது. அதுவரை அது ஸ்டில்பைட்டோடு ஒன்றாக எண்ணப்பட்டிருந்தது. கோணங்களை அளந்து பார்த்துத்தான் பிரித்தார்கள்.

இப்போது இதற்கெல்லாம் ஒரு சபை இருக்கிறது. பன்னாட்டுக் கனிமவியல் சங்கம் 1958இல் தொடங்கியது. பெயர்களைச் சரிபார்க்கும் அதன் குழு அதற்கு அடுத்த ஆண்டு வந்தது. வேதியியல் அமைப்பு, அணு அடுக்கு இரண்டையும் காட்டி, மூல மாதிரியை ஓர் அருங்காட்சியகத்தில் ஒப்படைத்தால்தான் புதிய பெயர் செல்லும். கண்டுபிடித்தவர் தன் பெயரையே சூட்டிக்கொள்ள முடியாது. இன்று ஏற்கப்பட்ட கனிமங்கள் 6000க்கு மேல்.

இந்தச் சபை பெயர் கொடுப்பதோடு நிற்பதில்லை, எடுத்தும் விடுகிறது. மௌலா அலிப் பாறையின் காக்காப்பொன்னுக்குப் புத்தகப் பெயர் பயோடைட். பிரெஞ்சு இயற்பியலாளர் பியோவின் நினைவாக 1847இல் சூட்டியது. எல்லாப் பாடநூல்களிலும் அந்தப் பெயர்தான். ஆனால் 1998இல் அப்பிரகக் குடும்பத்தைச் சீர்செய்தபோது பயோடைட் தனிக் கனிமம் அல்ல, இரும்பும் மக்னீசியமும் மாறி மாறிக் கலந்த ஒரு தொடருக்கான பொதுப்பெயர் என்று ஆக்கிவிட்டார்கள்.

அதே குடும்பத்தில் இன்னொரு பெயரும் கனிமப் பட்டியலிலிருந்து விலகிவிட்டது. தமிழர்கள் அறிந்திருக்க வேண்டிய பெயர். சி. மகாதேவன், சி. வி. ராமனிடம் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்தவர். பிறகு நிஜாம் அரசின் ஹைதராபாத் நிலவியல் துறையில் பணியாற்றினார். அதன் பிறகு ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் துறையைக் கட்டி எழுப்பினார். அவர் பெயரில் 1945இல் எஸ். ராமசேஷன் ஓர் அப்பிரகத்துக்கு மகாதேவைட் என்று பெயரிட்டார். இன்றைய அளவுகோலில் அது தனிக் கனிமமாக நிற்கவில்லை. பெயர் தள்ளப்பட்டது என்பதற்காக அந்த உழைப்பு வீணாகிவிடாது. ராமசேஷன் எடுத்த அளவீடுகள் இன்றும் அச்சில் இருக்கின்றன. மாறியது அளவீட்டை வகைப்படுத்தும் முறை.

இந்திய மண்ணில் பிறந்த பெயர்களில் நிலைத்தவையும் உண்டு. மத்தியப் பிரதேசம் காஜ்லிடோங்ரி மாங்கனீசுச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு கனிமத்துக்கு, இந்திய நிலவியல் ஆய்வுத்துறை இயக்குநர் தாமஸ் ஹாலண்ட் நினைவாக லீ ஃபெர்மோர் 1906இல் ஹாலண்டைட் என்று பெயரிட்டார். சென்னைப் பல்லாவரத்துப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயரிட்டவரும் இதே ஹாலண்ட்தான். அது பாறையின் பெயர், கனிமத்தின் பெயர் அன்று. பொகாரோவில் நிலக்கரி எரிந்து சுற்றியிருந்த படிவுகள் உருகிய இடத்தில் பிறந்த கனிமத்துக்கு 1954இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்தியலைட் என்று நாட்டின் பெயரையே வைத்தார்கள்.

தமிழ்நாட்டுக் கல் ஒன்று உலகப் பெயர்களில் இடம்பெற்றது இதற்கெல்லாம் முன்பு. சாணைக்கல்லுக்கு நம்மவர் பயன்படுத்திய குருந்தக்கல்தான் கோரண்டம். 1798இல் சார்ல்ஸ் கிரெவில் அதைப் பற்றி லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வெளியிட்டார். மாணிக்கமும் நீலமும் இதே கனிமத்தின் நிற வகைகள் என்பது அதையொட்டி உறுதியாயிற்று. 1802இல் போர்னோன் கர்நாடகத்து, அதாவது அன்றைய ஆர்க்காட்டு நாட்டுக் குருந்தம் பதிந்திருந்த வெள்ளைக் கல்லுக்கு இந்தியனைட் என்று பெயரிட்டார். அது அனார்த்தைட் என்ற ஃபெல்ட்ஸ்பார்தான் என்று பிற்பாடு தெரிந்ததால் பெயர் போய்விட்டது. ஆனால் அந்த வெள்ளைக் கல் இன்னொரு வேலைக்குப் பயன்பட்டது. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் கிடைக்கும் அனார்த்தோசைட் நிலவின் மேட்டுநிலப் பாறையை ஒத்தது. சந்திரயான் 2 ஊர்தியைச் சோதிக்க இஸ்ரோ அதைப் பொடித்துத்தான் செயற்கை நிலவுமண் தயாரித்தது.

இலங்கையில் இன்னொரு தமிழர். கலை வரலாற்றாசிரியராக நாம் அறிந்த ஆனந்த குமாரசுவாமி முதலில் நிலவியலாளர். இலங்கைக் கனிம ஆய்வின் முதல் இயக்குநர் அவரே. கண்டிக்கு அருகில் அவர் கண்ட நீலநிறக் கனிமத்தை பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜி. டி. பிரையரோடு சேர்ந்து ஆராய்ந்து, இலங்கையின் பழைய அரபுப் பெயரான செரண்டிப்பை வைத்துச் செரண்டிபைட் என்று 1903இல் அறிவித்தார். கதிரியக்கம் கொண்ட தோரியனைட் 1904இல் உலகுக்குத் தெரியவந்ததும் அவருடைய ஆய்வின் வழியாகத்தான். செரண்டிபைட் என்ற பெயரைக் கேட்டாலே எந்தத் தீவு என்று தெரிந்துவிடுகிறது. கல்லின் ஊரைச் சுமக்கும் பெயர் இது. எல்லாப் பெயர்களுக்கும் இந்தப் பேறு வாய்ப்பதில்லை.

பெயர் சுமக்காத ஊரைச் சீட்டு சுமக்க வேண்டும். சேகரிப்பில் உள்ள ஒவ்வொரு கல்லோடும் ஒரு சிறு காகிதம் இருக்கும்: கனிமம், குவாரி, ஊர், மாவட்டம், எடுத்த ஆண்டு. அந்தச் சீட்டு தொலைந்தால் கல் அழகான பொருளாக மிஞ்சும், அவ்வளவே. அது எந்தக் குழம்படுக்கிலிருந்து வந்தது, என்ன வெப்பத்தில் வளர்ந்தது, அருகில் வேறு என்ன இருந்தது என்று கேட்க வழியில்லாமல் போகும். அழகு, பெயர், ஊர் மூன்றில் முதலிரண்டையும் பிற்பாடு கருவியால் மீட்கலாம். ஊரை எந்தக் கருவியும் முழுதாக மீட்டுத் தராது.

இதற்கு நம் ஹைதராபாத் நகரமே பெரிய சாட்சி. கோல்கொண்டா வைரம் என்று உலகம் சொல்கிறது. கோல்கொண்டாக் கோட்டையில் வைரம் எடுத்ததில்லை. அங்கே நடந்தது வியாபாரம். வைரம் வந்தது கிருஷ்ணா நதிக்கரைச் சுரங்கங்களிலிருந்து. பதினேழாம் நூற்றாண்டில் வந்த பிரெஞ்சு நகை வணிகர் தவெர்னியே, கோல்கொண்டாவிலிருந்து ஏழு நாள் பயணத்தில் உள்ள கொல்லூரில் பல்லாயிரம் பேர் வேலை செய்வதைப் பார்த்து எழுதினார். புலிச்சிந்தல நீர்த்தேக்கம் வந்த பிறகு கொல்லூர்ப் பகுதி நீரில் போய்விட்டது. சந்தையின் பெயர் மட்டும் நிலைத்தது. இன்று நகை ஏலங்களில், நைட்ரஜன் கருவிக்கு அகப்படாத அளவே உள்ள நிறமற்ற வைரங்களை எந்த நாட்டில் எடுத்தாலும் கோல்கொண்டா வகை என்று சொல்வதைக் கேட்கலாம். ஊர்ப்பெயர் தரத்தின் பெயராகிவிட்டது. கொல்லூரில் குழி தோண்டியவர்களின் சுவடு அதில் எங்கும் இல்லை.

தக்காணப் படிகங்களுக்கும் இதுதான் நடக்கிறது. வெளிநாட்டுச் சேகரிப்புகளில் பழைய சீட்டுகள் பல வெறுமனே பூனா என்றோ இந்தியா என்றோ நிற்கின்றன. ஜல்காவில் எடுத்ததும் நாசிக்கில் எடுத்ததும் ஒரே பெயரில். வாங்கியவருக்குக் குவாரி தெரிந்தால் நேரே போய்விடுவார் என்று இடைத்தரகர்கள் மறைப்பதும் உண்டு. சாயம் ஏற்றிய கற்களும் வருகின்றன. ஓக்கனைட் இயற்கையில் வெண்பஞ்சு உருண்டையாக இருப்பது. நீலத்திலும் சிவப்பிலும் கிடைத்தால் அது சாயம்தான். முறிந்த படிகத்தைப் பசை வைத்து ஒட்டி விற்பதும் புதிதல்ல.

வியாபாரத்தை மட்டும் குறை சொல்லி நிறுத்த எனக்கு மனம் ஒப்பவில்லை. இந்தக் குவாரிகள் ஜல்லிக்காக நடப்பவை. வெடி வைத்துப் பிளந்த பாறையில் அறை தென்பட்டால், அதைப் பார்க்கும் கண் உள்ள தொழிலாளி நிறுத்திக் கையால் எடுத்து வைத்தால்தான் படிகம் பிழைக்கும். இல்லையென்றால் லாரியில் ஏறிக் கிரஷருக்குள் போய் முக்கால் இஞ்சு ஜல்லியாகிவிடும். சேகரிப்பாளர் கொடுக்கும் காசுதான் அந்தக் கையை நிறுத்தியது. இன்று நாம் வியக்கும் கற்களில் பெரும்பாலானவை தப்பியது அதனால்தான். அந்தக் காசில் எடுத்தவருக்குக் கிடைப்பது மிகச் சிறிய பங்கு என்பதும், எடுத்தவருக்கு மட்டுமே துல்லியமாகத் தெரிந்த அந்த இடத்தை யாரும் அவரிடம் கேட்டு எழுதிக்கொள்வதில்லை என்பதும் என் ஆதங்கம். நாசிக் அருகே சின்னரில் உள்ள கர்கோட்டி அருங்காட்சியகமும், பெங்களூரில் ராமன் தன் ஆய்வு நிறுவனத்தில் சேர்த்த வைரங்களும் கற்களும் நம் நாட்டிலேயே இவற்றைப் பார்க்க இருக்கும் இடங்களில் முக்கியமானவை. மூன்ஸ்டோனிலும் லாப்ரடோரைட்டிலும் ஓடும் ஒளி எப்படிப் பிறக்கிறது என்று ராமன் ஆராய்ந்ததும் தாம் திரட்டிய அத்தகைய கற்களை வைத்துத்தான்.

ஹைதராபாத்தில் இந்த இழப்பு வேறு வடிவத்தில் நடக்கிறது. நகரத்தின் கருங்கல் குன்றுகளைக் காக்க 1996 முதல் ஓர் அமைப்பு இயங்கி வருகிறது. குன்றுகளின் தோற்றத்தைப் பற்றியே பேச்சு. உள்ளே இருப்பதைப் பற்றி அவ்வளவாக இல்லை. மேற்கு நகரில் அடுக்குமாடிகளுக்காகக் கருங்கல்லை வெடி வைத்து ஆழமாகத் தோண்டும் குழிகளில், 250 கோடி ஆண்டுகளாக யார் கண்ணும் படாத தளங்கள் சில வாரங்களுக்கு வெளியே தெரிகின்றன. விரற்கடை அகலத்துக்குப் பச்சை எபிடோட் நரம்புகள், உள்ளங்கை அளவு ஃபெல்ட்ஸ்பார் கொண்ட பெக்மடைட் பட்டைகள், சில இடங்களில் ஊதா ஃபுளோரைட். பிறகு கான்கிரீட் மூடிவிடும்.

இந்த ஃபுளோரைட்டைச் சும்மா விட முடியாது. இந்த வட்டாரக் கருங்கல்லில் ஃபுளோரின் மிகுதி. ஃபுளோரைட்டிலும் அபடைட்டிலும் காக்காப்பொன்னிலும் ஒளிந்திருக்கும் அது கிணற்று நீரில் மெல்லக் கரைகிறது. நல்கொண்டா ஊர்களில் தலைமுறை தலைமுறையாகப் பற்கள் கறை படிந்ததும் எலும்புகள் வளைந்ததும் அதனால். எந்தப் பாறையில் எந்தக் கனிமம் எங்கே இருக்கிறது என்ற சீட்டு குடிநீருக்கும் வேண்டிய சீட்டு.

மௌலா அலியிலிருந்து சில கிலோமீட்டரில் உஸ்மானியாப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அதன் பக்கத்தில் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனம். நாகோல் அருகே பண்ட்லகூடாவில் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் தென்மண்டல அலுவலகம். இவ்வளவு நிலவியல் அறிவு ஒரே நகரில் குவிந்திருப்பது அரிது. கட்டடக் குழிக்கு அனுமதி தரும்போதே, மூடுவதற்கு முன் ஒரு நாள் நிலவியல் மாணவர்கள் உள்ளே போய்ப் படம் எடுக்கவும், நரம்புகளிலிருந்து கைப்பிடி அளவு மாதிரி எடுக்கவும், தெருவும் ஆழமும் தேதியும் எழுதி வைக்கவும் மாநகராட்சி ஒரு நிபந்தனை சேர்க்கலாம். அந்த மாதிரிகளை வைக்க ஓர் அறையும் சில மர அலமாரிகளும் போதும். முதல் அலமாரிக்கு மௌலா அலி குன்றின் கல்லே தகும். அதற்காகக் குன்றை உடைக்க வேண்டியதில்லை. அடிவாரத்தில் எப்போதோ உடைபட்டு உதிர்ந்து கிடக்கும் துண்டு ஒன்றை எடுத்து, அது கிடந்த இடத்தையும் எடுத்த தேதியையும் எழுதி வைத்தால் போதும்.